கணக்கில் கெட்டிக்காரி, கம்ப்யூட்டர் பாடத்தில் அரியர்! ஏன்?

பிளஸ் 2 பரீட்சையில் கணக்குக்கு 92 மார்க்கு. பள்ளிக்கூடத்தில் கை தட்டினார்கள். தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். கவுன்சிலிங்கில் என்ஜினீயரிங் கல்லூரியில் இடமும் கிடைத்தது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி ஆகப் போகிற பெண்!

முதல் பருவம் முடிந்தது. பரீட்சை முடிவும் வந்தது.

கணக்கில் பாஸ். பௌதிகத்தில் பாஸ். ரசாயனத்தில் பாஸ். பயந்துகொண்டே எழுதிய இங்கிலீஷிலும் பாஸ்.

கம்ப்யூட்டருக்கு 'புரோகிராம்' எழுதும் பாடத்தில் மட்டும் பெயில்!

இந்தப் பெண்ணுக்கு நாம் பெயர் வைக்க வேண்டாம். இப்படிப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறார்கள். கதைக்காக, அவள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பால், மலை அடிவாரத்தில், கான்சாபுரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா தென்னந்தோப்பில் வேலை பார்க்கிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். பெண் தினமும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய் வருகிறாள்.

முடிவு வந்த அன்று அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும்?

"ஒரு பாடம்தானம்மா. இன்னும் நல்லாப் படிச்சு எழுதேன்."

"படிச்சேன்மா. புத்தகத்தை அப்படியே மனப்பாடமா படிச்சேன்."

"அப்புறம் எப்படி பெயிலு?"

"அதான் எனக்கே தெரியலை."

பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "கம்ப்யூட்டருக்கெல்லாம் தனி மூளை வேணும். நம்ம பிள்ளைகளுக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இந்த ஒரு சொல்தான் ஆபத்து. அரியரை அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம். "நமக்கு வராது" என்று ஒரு பெண் மனதில் விழுந்துவிட்டால் அதைத் துடைப்பது கஷ்டம். தனி மூளை வேண்டும் என்பது உண்மையா? பார்ப்போம்.

அது என்ன பாடம்?

தமிழ்நாட்டு என்ஜினீயரிங் கல்லூரிகளில் பெரும்பாலானவை அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. பாடங்களை அந்தப் பல்கலைக்கழகம் வகுக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் என்ஜினீயரிங் கல்லூரியாகத் தொடங்கி, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் போன்றவை தங்கள் பாடங்களைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. எங்கே சேர்ந்தாலும் முதல் ஆண்டிலேயே புரோகிராம் பாடம் உண்டு. கட்டிடம் கட்டப் படிப்பவருக்கும் உண்டு. மோட்டார் என்ஜின் படிப்பவருக்கும் உண்டு.

முன்பு இந்தப் பாடம் 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியில் இருந்தது. 2017-ல் அண்ணா பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றியது. 'சிக்கல் தீர்த்தலும் பைத்தான் புரோகிராம் எழுதுதலும்' என்று பொருள்படும் பாடம் முதல் பருவத்துக்கு வந்தது. 2021-ல் திட்டம் மாறியபோதும் அது நீடித்தது. 2025-ல் மறுபடியும் திட்டத்தைத் திருத்தினார்கள். பெயர் மாறும், மொழி மாறும். கம்ப்யூட்டருக்கு ஆணை எழுதப் பழக வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

பைத்தான் என்றதும் மலைப்பாம்பு என்று நினைக்க வேண்டாம். ஹாலந்து நாட்டைச் சேர்ந்த கிடோ வான் ராசம் என்பவர் 1991-ல் வெளியிட்ட கம்ப்யூட்டர் மொழி அது. 'மான்டி பைத்தான்' என்ற இங்கிலீஷ் நகைச்சுவைக் குழுவின் பெயரை அவர் அதற்கு வைத்தார். மற்ற மொழிகளைவிட இது சுலபம் என்பதால்தான் புதியவர்களுக்கு இதைக் கொடுக்கிறார்கள்.

பாடத்தில் என்னென்ன இருந்தன தெரியுமா? வரிசையாக உள்ள எண்களில் சிறியதைக் கண்டுபிடி. அடுக்கி வைத்த சீட்டுகளுக்கு நடுவே ஒரு சீட்டைச் சரியான இடத்தில் சொருகு. இரண்டு பொருளை இடம் மாற்று. கரண்டு பில் போடு. கடை பில் போடு. மாணவர் மார்க்குப் பட்டியல் தயார் செய். மோட்டார் சைக்கிளின் எடையைக் கணக்கிடு என்றுகூட 2021 திட்டத்தின் செய்முறைப் பட்டியலில் இருந்தது. எடை பார்க்கத் தராசு போதாதா என்று கேட்காதீர்கள். அது வேறு கதை!

பார்த்தால் எல்லாம் பலசரக்குக் கடைச் சமாச்சாரம் போலத்தான் இருக்கிறது. பிறகு ஏன் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்?

மூன்றாவது டம்ளர்

இரண்டு டம்ளர். ஒன்றில் பால். இன்னொன்றில் மோர். பால் இருந்த டம்ளரில் மோரும், மோர் இருந்த டம்ளரில் பாலும் வர வேண்டும். என்ன செய்வீர்கள்?

மூன்றாவது டம்ளர் ஒன்றை எடுப்பீர்கள். பாலை அதில் ஊற்றுவீர்கள். மோரைப் பால் டம்ளருக்கு மாற்றுவீர்கள். பிறகு பாலை மோர் டம்ளரில் ஊற்றுவீர்கள். யோசிக்கக்கூட வேண்டாம், கை தானாகச் செய்யும்.

கம்ப்யூட்டருக்குக் கை கிடையாது. அதற்கு யோசனையும் கிடையாது. சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்யும். "பாலை மோர் டம்ளரில் ஊற்று" என்று முதல் வரியில் எழுதிவிட்டால், அப்படியே ஊற்றிவிடும். அங்கே இருந்த மோர் போனது போனதுதான்!

இப்போது இந்த மூன்று வரிகளைப் பாருங்கள்.

அ = 10
ஆ = 20
அ = ஆ

கடைசியில் அ எவ்வளவு? ஆ எவ்வளவு?

கம்ப்யூட்டர் சொல்லும் பதில்: இரண்டும் 20. மூன்றாவது வரிக்கு, "ஆ-வில் இருப்பதை ஒரு படி எடுத்து அ-வில் வை" என்று பொருள். அ-வில் இருந்த 10 அழிந்துவிட்டது.

கணக்குப் படித்த பெண்ணோ திகைத்து நிற்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் கற்றது என்ன? நடுவே இரண்டு கோடு போட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம். 10-ம் 20-ம் எப்படிச் சமமாகும்? அதைவிட மோசம், 'அ = அ + 1' என்று வரும் வரி. கணக்கு நோட்டில் இப்படி எழுதினால் வாத்தியார் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். கம்ப்யூட்டர் பாடத்திலோ அது அன்றாடம் வருகிற வரி. "இருப்பதோடு ஒன்றைக் கூட்டி அதே இடத்தில் வை" என்பதுதான் அதன் பொருள்.

ஆகவே, கணக்கில் கெட்டிக்காரியாக இருப்பதே இங்கே சில நாள் காலை வாரிவிடுகிறது. பழைய குறி, புதுப் பொருள். இதை யாராவது உட்காரவைத்து அரைமணி நேரம் சொன்னால் போதும். அறுபது பேர் இருக்கும் வகுப்பில், அடுத்த பாடத்துக்கு ஓட வேண்டிய அவசரத்தில், அந்த அரைமணி நேரம் பல சமயம் கிடைப்பதில்லை.

பால்கோவாவும் கரண்டு பில்லும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கிண்டுகிறவரிடம் செய்முறை கேளுங்கள். "பாலைக் காய்ச்சு, சர்க்கரை போடு, கெட்டியாகும் வரை கிண்டு" என்பார். 'கெட்டியாகும் வரை' என்ற இரண்டு சொல்லில் எவ்வளவு இருக்கிறது! கரண்டியில் ஏறும் கனம், ஓரத்தில் ஒட்டும் விதம், வாசனை. அவருக்குத் தெரியும். நமக்கும் ஓரளவு புரியும்.

கம்ப்யூட்டருக்கு இந்தப் பேச்சு ஆகாது. எதைப் பார்த்து நிறுத்துவது, எத்தனைக்கு ஒரு தடவை பார்ப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மறந்தால் விடிய விடியக் கிண்டிக்கொண்டே இருக்கும். முதலாண்டு மாணவர் எழுதும் புரோகிராமில் இது அடிக்கடி நடக்கிறது. திரையில் ஒரே எண் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். பையன் வெலவெலத்துப் போவான்.

கரண்டு பில்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் போனால் பணம். இதைப் புரோகிராமாக எழுதச் சொன்னால் பிள்ளை எழுதிவிடுவாள். 80 யூனிட் கொடுத்துப் பார்ப்பாள், சரியாக வரும். 150 கொடுப்பாள், அதுவும் வரும். சரியாக 100 யூனிட் எரித்த வீடு என்ன ஆகும்? 'நூறுக்குக் குறைவாக இருந்தால் இலவசம்' என்று எழுதியிருந்தால், அந்த வீட்டுக்குச் சலுகை போய்விடும்! 'நூறும் அதற்குக் குறைவும்' என்று எழுத வேண்டும். ஒரு சின்னக் குறியில் வித்தியாசம். சட்டம் எழுதுகிறவர்களுக்குக்கூட இந்தச் சறுக்கல் உண்டு; பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இருக்கக்கூடாதா?

இதே மாதிரி ஒரு மழைக் கணக்கு உலகப் பிரசித்தம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 1980-களில் எலியட் சோலோவே என்ற பேராசிரியர் இதை மாணவர்களுக்குக் கொடுத்தார். தினமும் பெய்த மழையின் அளவு ஒவ்வொன்றாக வரும். 99999 என்று வந்தால் பட்டியல் முடிந்தது என்று அர்த்தம். தப்பாக வந்த எண்களைத் தள்ளிவிட வேண்டும். சராசரி மழை என்ன?

பிளவக்கல் அணையின் தண்ணீரை நம்பியிருக்கும் நம் விவசாயிகள் இந்தக் கணக்கைத் திண்ணையில் உட்கார்ந்தே போட்டுவிடுவார்கள். யேல் மாணவர்களில் ஏராளமானோர் கோட்டை விட்டார்கள்! 99999-ஐயும் மழை என்று கூட்டினார்கள் சிலர். எண்ணே வராமல் முதலிலேயே 99999 வந்துவிட்டால் எதை எதால் வகுப்பது என்று யோசிக்காதவர்கள் பலர். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். யேல் என்பது அமெரிக்காவின் மிகப் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் ஒன்று. அங்கே படித்தவர்களுக்கே இந்தக் கதி!

உலகம் முழுவதும் இதே பாடு

2001-ல் மைக்கேல் மெக்ராக்கன் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் நான்கு பல்கலைக்கழகங்களில் 216 மாணவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். எல்லோரும் புரோகிராம் பாடத்தை ஏற்கனவே படித்தவர்கள். மொத்த மார்க்கு 110. சராசரியாக வாங்கியது எவ்வளவு? 23 கூட இல்லை! வாத்தியார்களே ஆடிப் போனார்கள்.

2007-ல் பென்னெட்சன், காஸ்பெர்சன் என்ற டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டுக் கல்லூரிகளில் விசாரித்தார்கள். முதல் புரோகிராம் பாடத்தில் மூன்றில் ஒருவர் தேறவில்லை என்று தெரிந்தது. 2014-ல் வேறு இருவர் 15 நாடுகளின் 161 வகுப்புகளைப் பார்த்தார்கள். அதிலும் ஏறக்குறைய அதே கணக்கு. 2019-ல் டென்மார்க்காரர்கள் மறுபடி பார்த்தபோது தோற்றவர்கள் நூற்றுக்கு 28 பேர். கொஞ்சம் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான்.

கான்சாபுரத்துப் பெண்ணின் துணைக்கு உலகம் பூராவும் ஆள் இருக்கிறார்கள் என்பது இதில் தெரிகிறது.

இனி, பக்கத்து வீட்டுக்காரரின் 'தனி மூளை' விஷயத்துக்கு வருவோம். அவர் சொன்னதையே லண்டனில் படித்தவர்களும் சொன்னார்கள்! 2006-ல் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயீத் தெனாடி, ரிச்சர்ட் போர்னட் என்ற இருவர், நாம் மேலே பார்த்த 'அ = ஆ' போன்ற கேள்விகளைப் பாடம் தொடங்கும் முன்பே மாணவர்களிடம் கொடுத்தார்கள். பதில்களை வைத்து, "இவர்களுக்குப் புரோகிராம் வரும், அவர்களுக்கு வராது என்று முன்கூட்டியே பிரித்துவிடலாம்" என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அது பத்திரிகையில் முறையாக வெளியாகவே இல்லை. ஆனாலும் உலகம் முழுவதும் கை மாறியது. வாத்தியார்கள் பலர் நம்பினார்கள். "பிறவியிலேயே வராதவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும்" என்று கையை விரிக்க அது வசதியாகவும் இருந்தது.

2014-ல் என்ன நடந்தது தெரியுமா? அந்தப் போர்னட்டே, தாம் அப்படி முடிவு கட்டியது தவறு என்று எழுதி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்!

வதந்தி ஊர் சுற்றும் வேகத்தில் மறுப்பு சுற்றுவதில்லை. இன்றும் அந்தப் பழைய கட்டுரையைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மனப்பாடம் செய்த குற்றம்

மூளை காரணமில்லை என்றால் எது காரணம்?

இதை எழுதுகிறவன் தன் கதையையே சொல்லிவிடுகிறேன். நான் 2008-ல் ஓர் என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தேன். அப்போது 'சி' மொழி. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்தையும் மனப்பாடம் செய்து மார்க்கு வாங்கியவன் நான். பாடப் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள்தான் பரீட்சைக்கு வரும் என்பது எங்கள் வேதம். கல்லூரியிலும் அதே வழியில் போனேன். இருபது புரோகிராமை எழுத்து மாறாமல் நெட்டுருப் போட்டேன்.

பரீட்சையில், 'எண்களில் மிகச் சிறியதைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் எழுதுக' என்று வந்தது. நான் படித்தது மிகப் பெரியதைக் கண்டுபிடிக்கும் புரோகிராம்! ஒரே ஒரு குறியைத் திருப்பிப் போட்டால் போதும். எந்தக் குறி என்று எனக்குத் தெரியவில்லை. பெரியதையே அழகாக எழுதி வைத்துவிட்டு வந்தேன். 38 மார்க்கு. அரியர்.

ஹாஸ்டலில் இருந்த மூத்த மாணவர் ஒருவர்தான் என்னைக் கரையேற்றினார். அவர் புதிதாக ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு காகிதத்தில் கட்டம் போட்டார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, "இந்த வரி ஓடிய பிறகு எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது? எழுது" என்றார். நான் எழுதினேன். ஐந்து எண்களுக்கு ஒரு பக்கம் ஆயிற்று. அன்று ராத்திரிதான், நான் மனப்பாடம் செய்த வரிகளுக்கு அர்த்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆறு மாதமாக, பொருள் தெரியாத மந்திரத்தை உருப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

இதை ஆராய்ச்சியும் சொல்கிறது. 2004-ல் ரேமண்ட் லிஸ்டர் என்பவர் தலைமையில் ஏழு நாட்டு மாணவர்களைச் சோதித்தார்கள். புதிதாக எழுதச் சொல்லவில்லை. எழுதிய புரோகிராமைக் கொடுத்து, "இது ஓடினால் என்ன வரும்?" என்பது போலக் கேட்டார்கள். அதற்கே பலர் விடை சொல்ல முடியவில்லை. படிக்கத் தெரியாதவரைக் கட்டுரை எழுதச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. வகுப்பில் முதல் வாரமே 'எழுது' என்கிறார்கள். வாசித்துப் பழக யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்கவில்லை. தமிழ்நாட்டில் 2018-லும் 2019-லும் வந்த புதிய பாடப் புத்தகங்களின்படி, பிளஸ் 1, பிளஸ் 2-வில் கம்ப்யூட்டர் அறிவியல் எடுத்தவர்கள் பள்ளியிலேயே புரோகிராம் படிக்கிறார்கள். பிளஸ் 2-வில் பைத்தானே பாடம். கணக்கோடு உயிரியல் எடுத்த பெண் அதைக் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டாள். கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு. வாத்தியார் கேள்வி கேட்டதும் பக்கத்துப் பையன் பட்டென்று பதில் சொல்கிறான். இவள் 'எனக்கு மட்டும்தான் புரியவில்லை' என்று தலையைக் குனிந்துகொள்கிறாள். அவன் இரண்டு வருடம் முன்னால் புறப்பட்டவன் என்பது அவளுக்குத் தெரியாது.

வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பவனுக்கும் கல்லூரி லேபில் மட்டும் தொட்டுப் பார்ப்பவளுக்கும் உள்ள தூரம் இதைவிடப் பெரிது. லேபில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான். பைத்தானில் ஒரு வரி, இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஓர் எழுத்து தள்ளிப் போனாலும் மெஷின் நின்று, சிவப்பில் 'எரர்' காட்டும். இருபது தடவை 'எரர்' வாங்கி, இருபத்தோராவது தடவை ஓடவைப்பதுதான் படிப்பு. அந்த இருபது தடவைக்கு நேரம் வேண்டும். 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கம்ப்யூட்டரோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்ததற்கு இந்தக் கோணத்திலும் ஒரு பயன் இருக்கிறது. சினிமா பார்க்கத்தான் பயன்படும் என்று கேலி செய்கிறவர்கள், ஒரு தடவை லேப் வாசலில் காத்திருந்து பார்க்கட்டும்.

இங்கிலீஷ்தான் தடையா?

பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். பாதி உண்மை.

பைத்தானில் உள்ள அடிப்படைக் கட்டளைச் சொற்கள் மொத்தமே சுமார் 35. தமிழ் வழியில் படித்த பிள்ளைகூட இரண்டு நாளில் கற்றுக்கொள்ளும். முத்து அண்ணாமலை என்பவர் 'எழில்' என்று தமிழிலேயே ஒரு கம்ப்யூட்டர் மொழி உருவாக்கியிருக்கிறார். அதில் அச்சிடு என்பதற்குப் 'பதிப்பி' என்று எழுத வேண்டும். நல்ல முயற்சி, பள்ளிப் பிள்ளைகளின் பயம் தெளிய உதவும். ஆனால், மூன்றாவது டம்ளர் ஏன் வேண்டும் என்பது புரியாதவருக்குத் தமிழில் கட்டளை எழுதினாலும் மோர் கொட்டத்தான் செய்யும்.

இங்கிலீஷ் உண்மையில் இடிப்பது வேறு இடத்தில். கேள்வியே நாலு வரி இங்கிலீஷ். அதில் எது கொடுக்கப்பட்டது, எது கேட்கப்பட்டது என்று பிரிப்பதற்குள் மூச்சு வாங்கும். சந்தேகத்தை இங்கிலீஷில் கேட்கக் கூச்சம். கேட்காத சந்தேகம் பரீட்சை வரை கூடவே வரும். வாத்தியார், "தமிழில் கேள் அம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதித் தடை உடையும். சொல்கிற வாத்தியார்களும் இருக்கிறார்கள்.

மெஷினே எழுதித் தருகிறதே!

2022 நவம்பரில் 'சாட் ஜிபிடி' வந்தது. கேட்டதும் புரோகிராம் எழுதித் தரும் மெஷின். அதன் பிறகு லேப் நோட்டுகள் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டன! செல்போனில் கேட்க வேண்டியது. காப்பி அடிக்க வேண்டியது. கையெழுத்து வாங்க வேண்டியது. நாங்கள் மூத்தவர்களின் நோட்டைப் பார்த்து எழுதினோம். இவர்கள் மெஷினைப் பார்த்து எழுதுகிறார்கள். தப்பு அதே தப்புதான், வேகம்தான் கூடியிருக்கிறது. எழுத்துத் தேர்வில் செல்போன் கிடையாது. வெள்ளைத் தாளும் பேனாவும்தான். அங்கே போய்த்தான் குட்டு வெளிப்படுகிறது.

பெற்றோருக்கு இன்னொரு கவலை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி, சுமார் 12 ஆயிரம் பேரை வேலையிலிருந்து எடுக்கப் போவதாக அறிவித்தது. "மெஷினே எழுதுகிறதாம், ஆளையும் எடுக்கிறார்களாம். பிறகு இந்தப் பாடம் எதற்கு?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. என் அபிப்பிராயம் இது: மெஷின் எழுதித் தந்த கரண்டு பில் புரோகிராமில் சரியாக 100 யூனிட் எரித்த வீட்டுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வரி வரியாக வாசிக்கத் தெரிந்தவர் அதைச் சொல்வார். மெஷினை நம்பி நெட்டுருப் போட்டவருக்கு அது தப்பு என்றே தெரியாது. வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனிகளில் பலவும், 'பாக்கி அரியர் இருக்கக்கூடாது' என்று முதலிலேயே கேட்டுவிடுகின்றன. ஆகவே, எப்படிப் பார்த்தாலும் இந்தப் பாடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

குறுக்கு வழி கிடைக்காதா என்று நினைப்பதில் பயனில்லை. 2020-ல் கொரோனா சமயத்தில், பணம் கட்டியிருந்த அரியர் மாணவர்கள் பரீட்சை எழுதாமலே தேறியதாகத் தமிழக அரசு அறிவித்தது. நன்றி தெரிவித்துச் சுவரொட்டிகூட ஒட்டினார்கள்! விஷயம் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. பரீட்சை வைக்காமல் பாஸ் போடுவதை 2021-ல் கோர்ட்டு ஏற்கவில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. கத்தரிக்கோல் இருந்தால் போதும்!

நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் என்ற இரு ஆசிரியைகள் 2006-ல் ஒரு பயிற்சியை வெளியிட்டார்கள். சரியான புரோகிராம் ஒன்றை எடுத்து, வரி வரியாகப் பிரித்து, கலைத்துக் கொடுப்பார்கள். மாணவர் அதைச் சரியான வரிசையில் அடுக்க வேண்டும். எழுத வேண்டியதில்லை, எழுத்துப் பிழைக்குப் பயப்பட வேண்டியதில்லை, எது முதலில், எது பிறகு என்று மட்டும் யோசித்தால் போதும். அவர்கள் கம்ப்யூட்டரில் செய்ததைத் தாளிலும் செய்யலாம். புத்தகத்திலுள்ள புரோகிராமை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வரியாக வெட்டி, சீட்டுக் கட்டுபோலக் கலைத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். தம்பியோ தங்கையோ இருந்தால் கலைக்கிற வேலையை அவர்களிடம் விடலாம். கலைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை!

அடுக்கிய பிறகு, "இந்தச் சீட்டை எடுத்து மேலே வைத்தால் என்ன ஆகும்?" என்று அம்மா கேட்கட்டும். பதில் சொல்லும்போது பிள்ளைக்கே எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். பதில் சரியா தப்பா என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அப்பா, கரண்டு பில்லை நீட்டி, "இது எப்படி வந்தது, வரிசையாகச் சொல்லு" என்று கேட்கலாம்.

பெயில் ஆன அன்று ராத்திரி மட்டும் இதையெல்லாம் தொடங்காதீர்கள். அன்றைக்குச் சோறு போட்டுத் தூங்க விடுங்கள்.

நவம்பர், டிசம்பரில் தவறியவர்களுக்கு அடுத்த பரீட்சை ஏப்ரல், மே மாதங்களில் வரும். இடையில் நாலைந்து மாதம் இருக்கிறது. நான் இரண்டாம் தடவை எழுதியபோது 61 மார்க்கு வாங்கினேன். அந்தத் தடவை கேட்டது, இரண்டு பொருளை இடம் மாற்றும் புரோகிராம். தாளின் ஓரத்தில் முதலில் மூன்று டம்ளர் படம் வரைந்துகொண்டேன். ஹாலில் சுற்றி வந்த மேற்பார்வையாளர் குனிந்து பார்த்து, "இது என்ன தம்பி, டீக்கடையா?" என்று கேட்டார்.